நோய்ஸீட்லர் ஏரி: இடுப்பளவு தண்ணி, அடி முழுக்க உப்பு, எல்லாரும் கேக்குற கேள்விகள்

வியன்னாவுக்கு வர்ற சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் நான் ஒரு தடவையாவது இந்த ஏரிக்கு இழுத்துட்டு போயிடுவேன். போற வழியில டிரெயின்லயே கேள்வி ஆரம்பிச்சிடும், ஒவ்வொரு தடவையும் அதே கேள்விங்க தான். இனிமே வர்றவங்க இத படிச்சிட்டு வாங்க, நான் டிரெயின்ல கொஞ்சம் தூங்கிக்கிறேன்.

முதல்ல பேர எப்படிங்க சொல்றது? எங்க இருக்கு?

நோய்ஸீட்லர் ஸே. ஜெர்மன்ல "ஸே"ன்னா ஏரி. ஆமா, பேர்லயே "நோய்" இருக்கு, எங்க சித்தப்பா அத வச்சு ஒரு நாள் பூரா ஜோக் அடிச்சாரு. ஏரிக்கு வடக்கு முனையில நோய்ஸீட்ல்னு ஒரு ஊரு, அந்த பேரு தான் ஏரிக்கும். ஹங்கேரிக்காரங்க ஃபெர்ட்டோன்னு சொல்லுவாங்க, சதுப்பு நிலம்னு அர்த்தம், நேர்ல பாத்தா அந்த பேரு தான் பொருத்தம்னு தோணும்.

ஆஸ்திரியாவோட கிழக்கு ஓரம், புர்கென்லாண்ட் மாநிலம். ஏரியில முக்கால்வாசி ஆஸ்திரியா பக்கம், தெற்கு முனை மட்டும் ஹங்கேரி. வடக்கு தெற்கா 36 கி.மீ. நீளம், அகலம் அதிகபட்சம் 12 கி.மீ., மொத்தம் சுமார் 315 சதுர கி.மீ. ஆனா அதுல பாதிக்கு மேல நாணல் காடு, தண்ணி கண்ணுலயே படாது.

ஸ்டெப்பி ஏரின்னா என்ன? ஸ்டெப்பி மங்கோலியாவுல தான இருக்கு?

மங்கோலியாவுலயும் இருக்கு, கஜகஸ்தான்லயும் இருக்கு, அந்த புல்வெளியோட மேற்கு வால் ஹங்கேரி சமவெளி வரைக்கும் நீளுது. வியன்னாவுல இருந்து கிழக்கால போனா ஆல்ப்ஸ் மலை முடிஞ்சு போயி திடீர்னு தட்டையா ஒரு உலகம் வரும், மரம் கம்மி, வானம் பெருசு, அங்க தான் இந்த ஏரி. ஆஸ்திரியான்னாலே பனிமலைன்னு நெனச்சிட்டு வர்றவங்க இங்க முழிப்பாங்க. நாட்டோட தாழ்வான இடமும் இங்க ஆபெட்லோன் கிராமம் பக்கத்துல தான் இருக்கு, கடல் மட்டத்துல இருந்து 114 மீட்டர்.

இந்த மாதிரி ஏரிக்கு ஒரு குணம் உண்டு. பெரிய ஆறு எதுவும் வந்து விழாது, இயற்கையா வெளிய போற வழியும் கிடையாது. மேற்குல வுல்கான்னு ஒரு சின்ன ஆறு வருது, நம்ம ஊரு வாய்க்கால் சைஸ். மத்தபடி வர்ற தண்ணியில பெரும்பகுதி நேரா வானத்துல இருந்து விழுற மழை தான், போற தண்ணியும் ஆவியா வானத்துக்கே போயிடும். வரவு செலவு ரெண்டும் ஒரே அக்கவுண்ட்ல. ரெண்டு வருஷம் மழை பொய்ச்சா ஏரி சுருங்கும், ரெண்டு வருஷம் நல்லா பெஞ்சா வீங்கும், அத தடுக்க யாரும் கிடையாது.

எவ்வளவு ஆழம்? நீச்சல் தெரியாதே எனக்கு.

தெரியவே வேணாம். சராசரியா 1 மீட்டர் இருக்கும், ரொம்ப ஆழமான இடத்துலயே 1.8 மீட்டர் தான். கிழக்கு கரையில போடர்ஸ்டோர்ஃப்னு ஒரு ஊரு, நாணல் இல்லாம கரைக்கு நேரா தண்ணி தெரியுற ஊருன்னா அது தான், அங்க இறங்கி நடக்க ஆரம்பிச்சா போயிட்டே இருக்கலாம், முட்டி, தொடை, இடுப்புன்னு ஏறும், அதோட நின்னுடும், திரும்பி பாத்தா கரையில இருக்குற லைட்ஹவுஸ் சின்னதா தெரியும், நீங்க இன்னும் இடுப்பளவு தண்ணியில நின்னுட்டு இருப்பீங்க.

அதுக்காக அசால்ட்டா இருக்க கூடாது. ஆழம் கம்மியா இருக்குற ஏரியில காத்து அடிச்சா அலை சின்னதா ஆனா நெருக்கமா, செங்குத்தா எழும்பும், சின்ன போட்டுக்கு அது கடல் அலைய விட தொல்லை. கரையோரமா மஞ்சள் புயல் லைட் கம்பம் இருக்கு, அது வேகமா மினுக்கினா பேசாம கரைக்கு வந்துடுங்க.

தண்ணி ஏன் இப்படி சிமெண்ட் கரைச்ச மாதிரி இருக்கு? சாக்கடை கலக்குதா?

இது தான் நம்பர் ஒன் கேள்வி. இல்லீங்க, அழுக்கு இல்ல. அடியில ரொம்ப நைசான களிமண், மேல ஓயாம காத்து, ஒரு மீட்டர் ஆழத்துல அலை அடி வரைக்கும் போயி மண்ண கிளறிட்டே இருக்கும். அதோட தண்ணியில சோடா உப்பு (வாஷிங் சோடா வகை) இருக்குறதால அந்த மண் துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கனமாகி அடியில உக்காராது, தனித்தனியா மிதந்துட்டே இருக்கும். அதனால தான் அந்த சாம்பல் நிறம்.

ஒரு சின்ன சோதனை சொல்றேன். நாணலுக்கு வெளிய, திறந்த ஏரியில ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி மோந்து பாருங்க, அரிசி கழுவின தண்ணி மாதிரி இருக்கும். அதே டம்ளர்ல நாணல் காட்டுக்குள்ள போயி மோந்து பாருங்க, பால் விடாத டீ மாதிரி பழுப்பா, ஆனா தெளிவா, அந்த பக்கம் இருக்குற விரல் ரேகை தெரியும். உள்ள காத்து நுழையாது, மண்ணு படிஞ்சிடும், மக்கின நாணலோட சாறு மட்டும் நிறம் குடுக்கும். ஒரே ஏரி, நடுவுல சில மீட்டர் தூரம் தான். நான் முதல் தடவ பாத்தப்போ டம்ளர கழுவிட்டு மறுபடி மோந்து பாத்தேன்.

காத்து அடிச்சா ஏரி நகரும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. வடமேற்கு காத்து ரெண்டு நாள் விடாம அடிச்சா தண்ணி எல்லாம் தெற்கு பக்கமா தள்ளப்பட்டு அங்க ஏறிடும், வடக்குல கரை காஞ்சு சேறு தெரியும். ரெண்டு முனைக்கும் நடுவுல முக்கால் மீட்டர் வரைக்கும் கூட மட்டம் வித்தியாசம் வரும். ஒரு தடவ வாடகைக்கு எடுத்த எலெக்ட்ரிக் போட்ல போனோம், காலையில மிதந்த இடத்துல சாயங்காலம் தரை தட்டி நின்னுடுச்சு. போட் குடுத்தவரு போன எடுக்கல. கடைசில நானும் மச்சானும் இறங்கி பேன்ட்ட சுருட்டிட்டு, சேத்துல கணுக்கால் வரைக்கும் புதைய புதைய, எரும மாட்ட தள்ளுற மாதிரி தள்ளிட்டு வந்தோம்.

ஏரி முழுசா வத்தி போயிருக்கா?

போயிருக்கு, ஒரு தடவ இல்ல, பல தடவ. கடைசியா முழுசா வத்துனது 1865-ல இருந்து 1871 வரைக்கும். 300 சதுர கி.மீ. ஏரி அப்படியே வெறுந்தரை. மக்கள் சும்மா இருப்பாங்களா, ஏரி படுக்கையில இறங்கி பயிர் வைக்க ஆரம்பிச்சிட்டாங்க. காத்து அடிச்சா வெள்ளையா உப்பு புழுதி கிளம்பி ஊருக்குள்ள வரும். அப்புறம் மழை வந்துச்சு, ஏரி திரும்பி வந்துடுச்சு.

அதுக்கு அப்புறமும் மனுஷன் விடல, மொத்தமா வடிச்சிட்டு வயலாக்கிடலாம்னு ஒரு யோசனை ரொம்ப நாள் ஓடுச்சு. அந்த நெனப்புல 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல ஹன்ஷாக் சதுப்பு வழியா ஒரு கால்வாய ஏரி வரைக்கும் வெட்டிட்டாங்க, ஐன்ஸர் கால்வாய்னு பேரு. ஏரி வடியல, தப்பிச்சிடுச்சு. ஆனா வாசலே இல்லாம இருந்த வீட்டுக்கு ஒரு வாசல் வச்சாச்சு, இப்போ மதகு போட்டு ரெண்டு நாடும் சேந்து மட்டத்த பாத்துக்குறாங்க.

சமீபத்துல 2022 கோடையில மட்டம் 1965-க்கு அப்புறம் இல்லாத அளவு இறங்கிடுச்சு. அந்த வருஷம் தான் பக்கத்துல இருக்குற ட்ஸிக்ஸேங்கிற சின்ன ஏரி மொத்தமா காஞ்சுது, ஜனங்க குளிச்சிட்டு இருந்த இடம், அந்த வருஷம் வெடிச்ச சேறு. படகுத்துறையில போட்டுங்க எல்லாம் சேத்துல சாஞ்சு கெடந்தத நான் பாத்தேன். 2024 செப்டம்பர்ல கிழக்கு ஆஸ்திரியாவுல கொட்டுன மழைக்கு அப்புறம் கொஞ்சம் மூச்சு வந்துச்சு.

அப்போ டான்யூப் ஆத்துல இருந்து தண்ணி கொண்டு வந்து விட்டா பிரச்சனை தீந்துச்சுல்ல?

எல்லாரும் இத தான் சொல்றாங்க, ஹோட்டல்காரங்க, போட்காரங்க, சில விவசாயிங்களும். ஹங்கேரி பக்கம் ஓடுற மொஷோனி டான்யூப் கிளையில இருந்து கொண்டு வரலாம்னு பேச்சு ஓடிட்டே இருக்கு. எனக்கு இதுல உடன்பாடு இல்ல, ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

இந்த ஏரியோட உயிர் தண்ணி இல்ல, உப்பு. கடல் உப்பு மாதிரி இல்ல, சோடா உப்பு, அளவுலயும் கடல விட ரொம்ப கம்மி. அந்த உப்பு தான் தண்ணிய கலங்கலா வச்சிருக்கு, கலங்கல் தான் வெளிச்சத்த உள்ள விடாம நடு ஏரியில பாசி, செடி மண்டாம காப்பாத்துது. ஆத்துத் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. அது சோடாவோட சேந்தா சுண்ணாம்பு படிஞ்சு, சோடா குறைஞ்சு, மண்ணு எல்லாம் அடியில உக்காந்து தண்ணி தெளிஞ்சிடும். தெளிஞ்சா நல்லது தானன்னு கேப்பீங்க. தெளிஞ்ச ஒரு மீட்டர் தண்ணியில வெயில் அடி வரைக்கும் அடிக்கும், ஆத்தோட வந்த உரச்சத்து வேற இருக்கும், அப்புறம் என்ன, நம்ம ஊர்ல ஆகாயத்தாமரை மண்டுன குளம் எப்படி ஆச்சுன்னு பாத்திருப்பீங்க, செடி வேற ஆனா கதை அதே தான்.

இன்னொண்ணு, ஒவ்வொரு தடவையும் மதகு திறந்து தண்ணி வெளிய போனா உப்பும் சேந்து போகுது. மழைத் தண்ணி திரும்பி வரும், உப்பு வராது. நூறு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா இப்படி கழுவிட்டு தான் இருக்கோம். வத்துறது ஏரிக்கு புதுசு இல்ல, 1871-ல திரும்பி வந்துச்சே. உப்பு போன ஏரி திரும்பி வராது.

அந்த வெள்ளையா உப்பு பூத்து கெடக்குதே, குட்டி குட்டி குளம், அது என்ன?

லாக்கென்னு சொல்லுவாங்க. ஏரிக்கு கிழக்கால ஸேவிங்கெல்ங்கிற பகுதியில சிதறி கெடக்கும். 19-ஆம் நூற்றாண்டு நடுவுல 139 இருந்துச்சு, இப்போ நாப்பது சொச்சம் தான், அதுலயும் பாதிக்கு உடம்பு சரியில்ல.

ஒரு லாக்கெ எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சிக்கிட்டா மத்தது எல்லாம் புரிஞ்சிடும். தரைக்கு கீழ கொஞ்ச ஆழத்துல உப்பு அடுக்கு ஒண்ணு இருக்கு. கோடையில மேல தண்ணி வத்த வத்த, நிலத்தடி நீரு களிமண் வழியா திரி எண்ணெய உறிஞ்சுற மாதிரி மேல ஏறி வரும், வந்து ஆவியா போயிடும், உப்ப மட்டும் மேல விட்டுட்டு போயிடும். அந்த சோடா களிமண்ண பசை மாதிரி ஆக்கி அடிய சீல் பண்ணிடும். அதனால அடுத்த மழைத் தண்ணி கீழ இறங்காம அப்படியே நிக்கும். ஆக, கோடையில காயறதால தான் குளிர்காலத்துல தண்ணி நிக்குது.

இப்போ சுத்தி வடிகால் வெட்டி, போர் போட்டு, சோளத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் தண்ணி இறைச்சு நிலத்தடி மட்டம் இறங்கிடுச்சுன்னு வைங்க. திரி அறுந்து போச்சு. மழை பெஞ்சா இருக்குற உப்பும் கீழ கழுவிட்டு போகும், சீல் உடையும், ஓட்டை பானை. அப்புறம் எவ்வளவு மழை பெஞ்சாலும் நிக்காது, புல்லு மொளச்சு சாதா தரை ஆயிடும்.

ஆகஸ்ட்ல காஞ்ச லாக்கெ ஓரமா போனா மாவு தூவுன மாதிரி வெள்ளை, விரல்ல தொட்டு நாக்குல வச்சா முதல்ல லேசா கரிக்கும், அப்புறம் சோப்பு ருசி. நம்ம ஊர்ல துணி வெளுக்க அள்ளிட்டு போவாங்களே உவர்மண், அதே சமாச்சாரம் தான். இங்கயும் அந்த காலத்துல விளக்குமாறு வச்சு கூட்டி அள்ளி சோப்பு செய்ய வித்திருக்காங்க. கரையில வளர்ற செடியும் நம்ம கடலோர உமிரியோட சொந்தக்காரன் தான், கிள்ளுனா தண்ணியா உடையும், இலையுதிர் காலத்துல ரத்தச் சிவப்பா மாறும். கடலே இல்லாத நாட்டுல கடற்கரை செடி.

பறவை பாக்க போறோம், என்ன என்ன கிடைக்கும்?

300-க்கு மேல இனம் பதிவாகியிருக்கு, பட்டியல் போட்டா விடியாது. எனக்கு பிடிச்சத மட்டும் சொல்றேன்.

ரூஸ்ட் ஊர்ல வீட்டு புகைபோக்கி மேல எல்லாம் செங்கால் நாரை கூடு, மார்ச் கடைசில வரும், ஆகஸ்ட்ல ஆப்பிரிக்காவுக்கு கிளம்பிடும். அலக அலகோட தட்டி டக்டக்டக்னு சத்தம் குடுக்கும், ரெஸ்டாரண்ட்ல உக்காந்து பேசவே முடியாது. லாக்கெல மேல் பக்கமா வளைஞ்ச மூக்கோட கறுப்பு வெள்ளை ஆவோசெட், அது உப்புத் தண்ணியில இருக்குற பொடிப்பொடி இறால் மாதிரி பூச்சிங்கள அரிச்சு தின்னும். நாணலுக்குள்ள பெரிய வெள்ளைக் கொக்கு, செந்நாரை, கரண்டிவாயன் எல்லாம் கூட்டமா கூடு கட்டும்.

கிழக்கால ஹன்ஷாக் பக்கம் போனா நம்ம கானமயிலோட ஐரோப்பிய அண்ணன், கிரேட் பஸ்டர்ட். ஆண் பறவை 15 கிலோ வரைக்கும் போகும், பறக்குற பறவையில ரொம்ப கனமானதுங்கள்ல அதுவும் ஒண்ணு. ராஜஸ்தான்ல கானமயில் கரண்ட் கம்பியில அடிபட்டு சாகுதுன்னு படிக்கிறோம்ல, இங்கயும் அதே பிரச்சனை, இவங்க கம்பிய எடுத்து பூமிக்குள்ள புதைச்சாங்க, எண்ணிக்கை ஏறுச்சு.

நவம்பர்ல சாயங்காலம் கூஸ், அதாவது பெரிய காட்டு வாத்து, பறக்குறது தனி. பகல் பூரா வயல்ல மேஞ்சிட்டு இருட்டுற நேரத்துல ஆயிரக்கணக்குல லாக்கெக்கு தூங்க வரும். முதல்ல சத்தம் தான் வரும், தூரத்துல ஸ்கூல் விட்ட மாதிரி.

நாணல ஏன் வெட்டாம விட்டு வச்சிருக்காங்க?

வெட்டுறாங்க. குளிர்காலத்துல தண்ணி உறைஞ்சதும் மெஷின இறக்கி அறுத்து கட்டு கட்டா அடுக்கி வைப்பாங்க, கூரை வேய போகும். மொத்தம் சுமார் 180 சதுர கி.மீ., டான்யூப் டெல்டாவுக்கு அடுத்து ஐரோப்பாவுல பெரிய நாணல் காடு இதுன்னு சொல்லுவாங்க. ஆனா இப்போ குளிர் சரியா இல்ல, ஐஸ் மெஷினோட கனத்த தாங்குற அளவுக்கு உறையுறதில்ல. அறுக்காத நாணல் கிழடாகி ஒடிஞ்சு விழுந்து சேறாகும், பறவைக்கும் அது பிடிக்காது.

மாடு, கழுதை எல்லாம் நேஷனல் பார்க்குக்குள்ள என்ன பண்ணுது?

வேலை பண்ணுது. மேய்ச்சல் இல்லைன்னா ஸ்டெப்பி புல்வெளி புதரா மாறிடும். அதனால நீண்ட கொம்பு வச்ச ஹங்கேரி சாம்பல் மாடு, எரும, வெள்ளை கழுதை, ப்ரெஸெவால்ஸ்கிங்கிற காட்டுக் குதிரைன்னு விட்டு வச்சிருக்காங்க. புல்லு குட்டையா இருந்தா தான் நிலஅணில் நிமிந்து நின்னு பருந்து வருதான்னு பாக்க முடியும். ஹங்கேரி பக்கம் 1991-லயும் ஆஸ்திரியா பக்கம் 1993-லயும் பார்க் அறிவிச்சாங்க, 2001-ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்லயும் வந்துச்சு.

மேய்ச்சல் நிலத்துல அங்கங்க ஒரு நீள மரக்கழி சாஞ்சு நிக்கும், ஒரு பக்கம் வாளி, ஒரு பக்கம் கனம். எங்க அப்பா பாத்த உடனே "டேய் இது நம்ம ஏத்தம்டா"ன்னாரு. அதே தான்.

இங்க தான் இரும்புத்திரை இருந்துச்சாமே?

ஆமா, கம்யூனிஸ்ட் கிழக்கையும் மேற்கையும் பிரிச்ச அந்த எல்லை தான், கோடு ஏரிக்குள்ளயே போகுது. 1956-ல ஹங்கேரி புரட்சிய சோவியத் ராணுவம் நசுக்கினப்போ ஆண்டாவ் கிராமத்துக்கிட்ட அந்த ஐன்ஸர் கால்வாய் மேல இருந்த ஒரு சின்ன மரப்பாலம் வழியா சுமார் 70,000 பேரு தப்பிச்சு வந்தாங்க, நவம்பர் 21 அன்னைக்கு பாலத்த வெடி வச்சு தகர்த்துட்டாங்க. ஏரிய வடிக்க வெட்டுன கால்வாய் கடைசில எதுக்கு பேர் வாங்குச்சு பாருங்க. 1996-ல பாலத்த திரும்ப கட்டுனாங்க. அப்புறம் 1989 ஆகஸ்ட் 19, ஷொப்ரோன்ங்கிற ஹங்கேரி ஊரு பக்கத்துல பிக்னிக்னு சொல்லி எல்லை கேட்ட கொஞ்ச நேரம் திறந்தாங்க, கிழக்கு ஜெர்மனிக்காரங்க 600-க்கு மேல ஓடி வந்துட்டாங்க. பெர்லின் சுவர் விழுந்தது அதுக்கு மூணு மாசம் கழிச்சு தான்.

எப்போ வர்றது? ஒரு நாள் தான் லீவு.

ஏப்ரல், மே பறவைக்கு. ஜூலை குளிக்க, தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், கொசுவும் இருக்கும். நவம்பர் கூஸுக்கு. வியன்னா ஹாப்ட்பான்ஹோஃப்ல (மெயின் ஸ்டேஷன்) இருந்து நோய்ஸீட்லுக்கு டிரெயின்ல முக்கா மணி நேரத்துக்குள்ள வந்துடலாம். சைக்கிள் எடுத்துக்குங்க, தரை தட்டை, ஏற்றமே கிடையாது, ஆனா காத்து எதிர்ல அடிச்சா ஏற்றத்த விட மோசம். ஏரிய முழுசா சுத்துனா 120 கி.மீ.க்கு மேல, ஹங்கேரிக்குள்ள போகும், பாஸ்போர்ட் கையில இருக்கட்டும்.

ஒரு நாள் தான்னா முழுசா சுத்தாதீங்க. போடர்ஸ்டோர்ஃப்ல காலையில தண்ணியில நடந்துட்டு, தெற்கால இல்மிட்ஸுக்கு சைக்கிள விடுங்க, லாக்கெ எல்லாம் வழியிலயே வரும். சாப்பாட்டுக்கு வெஜ் கேக்குறவங்களுக்கு லாங்கோஷ், ஹங்கேரி பூரின்னு வச்சுக்குங்க, தட்டு அகலத்துக்கு, மேல பூண்டு தடவி சுட சுட தருவாங்க, ரெண்டாவது கேக்காம யாரும் எழுந்ததில்ல. சாயங்காலம் ஏதாவது ஒரு லாக்கெ ஓரம் உக்காருங்க. வெள்ளையா இருக்குற இடத்துல ஷூ வச்சு நடந்துடாதீங்க, மேல காஞ்ச அப்பளம் மாதிரி இருக்கும், கீழ சேறு, எங்க மச்சான் ஷூ ஒண்ணு இன்னும் அங்க தான் கெடக்கு.